பெட்ரோல் குழாயை மூடிய கை

சபையாரே, பெற்ற பிள்ளையைச் சிக்கனத்துக்குப் பலி கொடுக்கப் பார்த்தவன் நான். அதை மறைத்துவிட்டுப் பேசினால் இது பொய்ச்சாட்சி.

சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம். எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போய்வந்தேன். பஸ் காசை மிச்சம் பிடிக்க, பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கூட வேலை பார்த்த காதர் பாய் பின்னால் உட்கார்ந்து பெட்ரோலுக்குப் பாதி கொடுப்பார். அதிலும் என் ஆசை அடங்கவில்லை. ராயபுரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் குனிந்து பெட்ரோல் குழாயை மூடிவிடுவேன். உள்ளே தங்கிய மிச்சத்திலேயே வண்டி ஒர்க்‌ஷாப் வாசல் வரை ஓடிவிடும். "இந்தச் சொட்ட மிச்சம் புடிச்சு இன்னா கோட்டையா கட்டப் போறே?" என்று காதர் பாய் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால், என் மூன்று வயது மகள் ரெபேக்கா தொண்டை வலியில் துவண்டு கிடந்தாள். "ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்யா" என்றாள் என் மனைவி மேரி. "திங்கக்கெழம வேலைக்குப் போறப்போ காட்டிக்கலாம். இதுக்குன்னு தனியா ஒரு நடையா?" என்றேன். ஐயோ, என் வாய் புழுக்க!

ஞாயிறு காலையில் பிள்ளையின் கழுத்து வீங்கி, உதடு நீலம் பாரித்துவிட்டது. மேரி அவளை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார, பறந்தேன். கேட்டைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே வண்டி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மைல். உதைத்தேன், உதைத்தேன். கணுக்கால் கிழிந்ததுதான் மிச்சம். தெருவில் ஒரு ரிக்‌ஷாகூட இல்லை. "கொயந்த மூச்சு வுட மாட்டேங்குதுய்யா!" என்று மேரி கதறினாள்.

நடுத்தெருவில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, கஞ்சன் நான். என்னை அடியும், பிள்ளையை விட்டுவிடும்." வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

கேட்டோரம் மீன் விற்கும் அம்மாள் கூடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

"யோவ் நைனா! தெனம் கேட்டத் தாண்டினா குனிஞ்சு இன்னாத்தியோ திருகுவியே, இன்னிக்கும் திருகினே, நான் பாத்தேன். மொதல்ல அத்தப் பாருய்யா!"

பார்த்தேன். குழாய் மூடியிருந்தது. என்னைக் கேட்காமலே என் கை பழக்கத்தில் மூடியிருக்கிறது! திறந்துவிட்டு உதைத்தேன். வண்டி கிளம்பியது.

டாக்டர் தொண்டையில் துளை போட்டு மூச்சு வரவைத்தார். "இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் பிள்ளை இல்லை" என்றார். பல நாள் கழித்து ரெபேக்கா "அப்பா" என்று கூப்பிட்டபோது, வார்டு என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதேன்.

இன்றும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். சிக்கனம் பாவமல்ல. ஆனால் நோயாளி என்று யார் வந்து கூப்பிட்டாலும், என்ன கிழமை என்று யோசிக்கமாட்டேன். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கர்த்தரைக் கூப்பிடுங்கள். நிச்சயம் கேட்பார். பதில் பேர் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து வந்தாலும் காது கொடுங்கள்.

ரெபேக்கா, எழுந்திரும்மா. வெட்கப்படாதே. சபையார் காது குளிர ஒரு வார்த்தை பேசு.