ஆவியில் வெந்த சங்கிலி

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பம்பரம். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துதான் குடிப்பாள். பக்கத்தில் நின்று துணி மடிக்கிற எனக்குத் தலை சுற்றும்.

அந்த ஆறு வாரம் அவள் என்னைப் படுத்தியது கொஞ்சநஞ்சமல்ல. அவள் மகள் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகவேண்டியிருந்தது. பள்ளியில் படிக்கும்போது அந்தப் பெண் போட்டிருந்த கவரிங் செயின் பல்லிளித்து, கழுத்தைச் சுற்றிப் பச்சையாகக் கோடு விழுந்து, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றியதே இல்லை. போகிற இடத்திலும் பிள்ளை கூனிக்குறுகக் கூடாது, அதுதான் பம்பரத்தின் கவலை. தங்கம் வாங்க வழியில்லை. வாங்கினாலும் ஹாஸ்டலில் அதை யார் காவல் காப்பது?

ஃபேன்சி கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் தங்க முலாம் பூசிய ஸ்டீல் செயின்களை எடுத்துப் போட்டார்.

"தினமும் போடலாம்மா. வேர்வை, தண்ணி எதுக்கும் அசையாது."

"ப்ளீச்சிங் பவுடருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் கொக்கியை நகத்தால் சுரண்டினாள். கண்ணிகளின் இடுக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். வெள்ளைக் கைக்குட்டையில் தேய்தேயென்று தேய்த்தாள். ஏழு செயினைக் கழித்துவிட்டு ஒரே மாதிரி இரண்டு எடுத்தாள். ஒன்று மகளுக்கென்று பெட்டிக்குள் போனது. மற்றது சோதனைக்கென்று அவள் கழுத்தில் ஏறியது.

ஆறு வாரமும் ஆவி, ப்ளீச், வேர்வை. மணிக்கொரு தரம் என்னிடம் கழுத்தை நீட்டுவாள்.

"வெளுத்திருக்கா? நல்லா பாருடி."

"இல்லடி தாயே!"

செயினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உயிர்தான் போனது.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகச் செயின் பெட்டியை மகளிடம் கொடுத்தாள். மகள் மேல் பட்டனைக் கழற்றி, செயினைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். பஸ் உறுமியது. பம்பரம் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு துணிய தேச்சுப் பாத்துட்டு மூட்டையையே மெஷின்ல போடுவோமாடி?"

போடமாட்டோம். ஒரே மூட்டையில் வந்த கலர்த் துணியானாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேய்த்துச் சாயம் பார்ப்பது எங்கள் வழக்கம்.

"சோதிச்சத நான் போட்டுக்கிட்டு, சோதிக்காதத குடுத்துட்டேனே!"

நகரும் பஸ்ஸைத் தட்டித் தட்டி நிறுத்தினாள். டிரைவர் கத்தினார். அவள் தன் செயினைக் கழற்றி நீட்டினாள்.

"அதக் கழட்டு! இதப் போட்டுக்கோ!"

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. புதுச வாங்கிட்டு ஏன் பழசக் குடுக்கற?"

"பழசு இல்லடி. இது பாஸானது!" மகள் முனகிக்கொண்டே மாற்றிக்கொண்டாள்; புதுசு பம்பரத்தின் கழுத்துக்கு வந்தது.

மகள் போன மூன்றாவது வாரம், வெள்ளைப் போர்வைகளைப் பிழிந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். அவள் கழுத்தில் கொக்கிக்குப் பக்கத்தில் முலாம் போய் ஸ்டீல் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"வாடி, அந்தக் கடைக்காரர உண்டு இல்லைன்னு பண்ணிடலாம்!"

அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"செயின் எப்படிடி இருக்கு?"

"அப்படியே இருக்கும்மா. இப்பல்லாம் மேல் பட்டனே போடறதில்ல."

போனை வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைக்கு நாளைக்குப் போலாம்டி. முதல்ல எனக்கு ஒரு டீ கொண்டா."