நாலு வண்டியில் பிறந்த ஒரு வண்டி

மெக்கானிக் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வண்டி ஓடினால் ஓட்டுகிறவர் கெட்டிக்காரர், நின்றுபோனால் மெக்கானிக் சரியில்லை. நல்ல பேர் வாங்கும் கவலையே நமக்குக் கிடையாது. ஸ்பேனர் பிடித்தவர்களுக்கும், ஸ்பேனர் பிடித்தவனை நம்பி நடுரோட்டில் நின்றவர்களுக்கும் இது நன்றாகப் புரியும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் என் ஒர்க்‌ஷாப். போன ஆடி மாதம் முழுக்க அங்கே ஒரே ஒரு வண்டியோடு மல்லுக்கு நின்றோம்.

ஆடியில் ஆரம்பிக்கலாமா?

சுடலைமுத்து அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம். ஆட்டோ பாதி வழியில் நின்றுவிடும். மிச்சம் முக்கால் கிலோமீட்டர் கல்லும் சரளையுமான ஏற்றம். அண்ணாச்சிக்கோ வலது முழங்கால் பழுது. ஏற முடியாத தோட்டம் நமக்கு எதற்கு, விற்றுவிடலாம் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் மைனி சொல்லிவிட்டார். ஆடியில் யாரும் கிரயம் பேச மாட்டார்கள். அதனால் வாங்குகிறவர் ஆவணி முதல் தேதி வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு வண்டி அந்த மேட்டில் ஏறிவிட்டால் விற்பனை கிடையாது என்று அண்ணாச்சி வீட்டில் மன்றாடி வாக்கு வாங்கியிருந்தார்.

அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். காடு மேடு ஏறுவதற்கென்றே வெளிநாட்டில் அந்தக் காலத்தில் செய்த எண்டூரோ வண்டி. ஒல்லி உடம்பு, முரட்டு டயர், முட்டி உயரத்துக்குத் தூக்கிய சைலன்சர், ஒற்றை சீட். முதல் லீவில் வாங்கிய தன்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை இதே மாதிரி மாற்றித் தரவேண்டும் என்றார். அந்த வண்டிக்குக் கிக்கர் இடது பக்கம். அதாவது பழுதில்லாத காலால் உதைக்கலாம். ஆர்.சி. புத்தகமும் உயிரோடு இருந்தது. எல்லாம் சரி, ஆடியில் புது வேலை ஆரம்பிக்கலாமா என்று இழுத்தேன்.

"புதுசு ஆரம்பிச்சாத்தான தம்பி ஆடி பாக்கணும்? இதுல ஒரு நட்டு கூடப் புதுசு கிடையாதே."

காயலான் கடையில் ஒரு பொழுது

பழைய வண்டிக்குப் பழைய பாகம் தேடுவது பெண் பார்ப்பதை விடக் கஷ்டம். பெண் வீட்டில் பஜ்ஜியாவது கிடைக்கும். நானும், பக்கத்துக் கடை வெல்டர் அந்தோணியும், கூடவே அண்ணாச்சியும் அலைந்தோம். முன்பக்க ஃபோர்க்கும் பெரிய முன்சக்கரமும் தென்காசி காயலான் கடையில், கட்டில் கால்களுக்கு அடியில் கிடைத்தன. அவை ஏதோ ஒரு பந்தய வண்டியின் மிச்சம். ஒல்லியான பெட்ரோல் டேங்க் செங்கோட்டையில் ஒரு வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. உள்ளே பல்லிக் குடும்பம் ஒன்று குடியிருந்ததால் காலி செய்ய இரண்டு நாள் அவகாசம் கொடுத்தோம். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒரு பால்காரரின் வண்டியில் இருந்து வந்தன. பால் கேன் சுமந்து பழகியவை, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவை.

ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று அளந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். எதுவும் பொருந்தவில்லை. அந்தோணி அதற்கெல்லாம் அசரவில்லை, வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்றான். காயலான் கடைக்காரர் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க வண்டி கட்டுதியளா, கூட்டாஞ்சோறு ஆக்குதியளா?"

சைலன்சரும் வேட்டியும்

ஆடி பதினெட்டு கழிந்த மறுநாள் வண்டி உயிர் பெற்றது. இடது காலால் அண்ணாச்சி உதைத்த ஏழாவது உதையில் படபடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கியதை மறைக்க, புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். இழுவைக்காகப் பின்சக்கரத்தில் பெரிய ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம், போட்டிருந்தோம். வேகம் மாட்டுவண்டிக்கு அண்ணன் மாதிரி, ஆனால் சுவரில் கூட ஏறும்.

சாரலில் குற்றாலம் வரை ஓட்டிப் பார்க்க அண்ணாச்சி கிளம்பினார், நானும் அந்தோணியும் என் வண்டியில் பின்னாலேயே போனோம். சீசன் கூட்டம் நின்று பார்த்தது. ஈரத் தலையோடு நாலு பேர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அப்போதுதான் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. சிப்ஸ் கடையில்தான் என்று நினைத்தோம். கருகியது அண்ணாச்சியின் வேட்டி. மடித்துக் கட்டிய வேட்டிக்கும் முட்டி உயர சைலன்சருக்கும் இடையில் விரற்கடை தூரம்கூட இல்லை. படத்தில் இருந்த வெள்ளைக்காரன் பேண்ட் போட்டிருந்ததை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. சிப்ஸ் கடைக்காரரே ஒரு பழைய பூந்திக் கரண்டியை எடுத்து நீட்டினார். அந்தோணி அங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில் அதன் காம்பை வெட்டி, தட்டை மட்டும் சைலன்சர் மேல் வைத்துப் பற்றவைத்தான். ஓட்டை ஓட்டையாக இருந்ததால் சூடும் தங்கவில்லை, பார்க்கவும் கம்பெனியில் செய்தது போலவே இருந்தது. கருகிய வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்.

"பட்டாளத்துல எல்லாரும் பேண்ட் போட்டிருந்தோம்லா, அதான் தெரியல."

விடுபட்ட ஒரு பாகம்

ஆவணிக்கு மூன்று நாள் இருக்கையில், ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு மைனி ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பூந்திக் கரண்டியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு சீட்டைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. ரெண்டு பேரும் ஏறிப் போக வழி பண்ணினால்தான் தோட்டம் என்று அவர் சொல்லியிருந்தாராம். அண்ணாச்சி எங்களிடம் பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் ஒர்க்‌ஷாப் கூரையை ஆராய்ந்தார்.

"மூணு ஆம்பளைய ஒரு மாசமா கூடி இருந்திருக்கிய. நான் எங்கன உக்காருவேன்னு ஒருத்தருக்குமா தோணல?"

ஏற்றம்

மூன்று நாளில் சேஸிஸை நீட்டி, பின்சீட்டும் கால் வைக்க இரண்டு கம்பியும் சேலைக்குத் தடுப்பும் வைத்தோம். எனக்கு ஒரு பயம் மட்டும் தீரவில்லை. ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அந்தச் சரளையில் வண்டி சாய்ந்துவிடும். இதை மைனியிடம் எப்படிச் சொல்வது என்று நானும் அந்தோணியும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். ஆவணி முதல் தேதி காலையில் மலையடிவாரத்துக்கு மைனி வந்த கோலத்தைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டது. களையெடுக்கப் போகிற மாதிரி சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணாச்சியின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஜம்மென்று உட்கார்ந்தார்.

வண்டி ஏறியது. நானும் அந்தோணியும் பின்னால் ஓடினோம். பாதி மேட்டில் பின்சக்கரம் சரளையில் நின்ற இடத்திலேயே சுழன்றது. கொஞ்சம் இறங்கிக்கொள், மேட்டைத் தாண்டியதும் ஏறிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொல்வது கேட்டது. மைனி இறங்கவில்லை. இன்னும் பின்னால் நகர்ந்து, தன் முழுக் கனத்தையும் பின்சக்கரத்தின் மேல் வைத்து உட்கார்ந்தார். டயர் கடித்துப் பிடித்தது. படபடவென்று புகை விட்டுக்கொண்டு வண்டி மேலே போய் எலுமிச்சை மரங்களுக்குள் மறைந்தது.

நாங்கள் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது மைனி ஒரு மரத்தடியில் நின்று பழைய பழக்கத்தில் இரண்டு முழங்காலையும் தடவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது மைனிதான். அண்ணாச்சி ஊருக்கு வந்த பிறகும் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளி சுமந்து ஏறியது அவர்தான். ஒரு மாதமாக நாங்கள் அண்ணாச்சியின் ஒரு முழங்காலுக்காக வண்டி கட்டிக்கொண்டிருந்தோம். மைனிக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. தோட்டம் வாங்க வந்தவர் அடிவாரத்தில் இருந்து போனில் கூப்பிட்டார். என்ன சொல்ல என்பது போல அண்ணாச்சி மைனியைப் பார்த்தார்.

"விக்கலன்னு சொல்லிருங்க. முட்டு வலியில்லாம வந்து இந்தத் தோட்டத்த இன்னைக்குத்தான் பாக்கேன்."

அன்றிலிருந்து யார் வண்டி கட்டித் தரச்சொல்லி வந்தாலும், பின்னால் உட்காரப் போகிறவரைக் கூட்டிவந்தால்தான் ஸ்பேனரைத் தொடுவது என்று நானும் அந்தோணியும் கடையில் சட்டம் போட்டிருக்கிறோம்.