வாளியில் பிடித்த சூடு

ஃபைபர் தண்ணீர்த்தொட்டிகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவரைப் ‘பிசின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரெசின் என்ற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலக்கும் அறை அவர் வசம். கலந்த கையோடு விரிசலில் மெல்லிசாகப் பூசிவிட வேண்டும், இறுகினால் கல். ஏன் இறுகுகிறது என்று அவர் கேட்டதே இல்லை. சாப்பிட்டால் ஏன் பசி அடங்குகிறது என்று யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

வினை புது மேலாளர் உருவில் வந்தது. கலவை அறையில் இருப்பவருக்கு ஒரு தேர்வாம்: பாதி கைவேலை, பாதி கேள்வி. தேறாதவர், இறுகிய பூச்சை மெஷினால் தேய்த்து வழவழப்பாக்கும் தேய்ப்பு அறைக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்கத் தூசி. பிசினுக்கோ, வந்தால் சொந்தக்காரர் மாதிரி கிளம்பவே கிளம்பாத இருமல்.

வேறு வழியில்லாமல், வேதியியல் படித்த மச்சினியிடம் போய் உட்கார்ந்தார்.

“ரெண்டு அணு பிணைஞ்சா சூடு வெளியே வரும் அத்தான். பிணைப்பை உடைக்கணும்னா நாமதான் சூடு குடுக்கணும். அவ்வளவுதான்.”

“தலைகீழா சொல்றியே! நானும் என் அண்ணனும் பிரிஞ்சப்ப கிளம்பின சூடு இன்னும் ஆறலே.”

“அது குடும்பம். இது வேதியியல்.”

“சரி, அடுப்புல கேஸ் எரியுதே, உடைஞ்சுதானே எரியுது?”

“உடையுது. அதுக்குக் கொஞ்சம் சூடு செலவு. உடைஞ்சதெல்லாம் ஆக்சிஜனோட இன்னும் கெட்டியா பிணையும். அப்ப வர்றது செலவைவிட அதிகம். அந்த மிச்சத்துலதான் உங்க டீ கொதிக்குது.”

“அப்ப உடையறதும் நடக்குது, சேர்றதும் நடக்குது. இதுல நல்ல பேரு யாருக்கு?”

“கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, சேர்ந்தா சூடுன்னு இன்னுமா இந்த மனுஷனுக்குப் புரியலே?” என்றாள் உள்ளேயிருந்து மனைவி. மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிசின் சிரிக்கவில்லை. வந்தபோது ஒரு சந்தேகம்தான் இருந்தது, இப்போது மூன்று.

தேர்வன்று பெரிய தொட்டி ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினார்கள். பிசின் பிளாஸ்டிக் வாளி நிறையக் கலந்து, பிரஷைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேலாளர் கேட்டார்:

“பிணைப்பு உடைஞ்சா சூடு வருமா, செலவாகுமா?”

வேறு நாளாக இருந்தால் கை பாட்டுக்குப் பூசியிருக்கும். அன்று கையும் சேர்ந்து யோசித்தது. அண்ணன் வந்தான், அடுப்பு வந்தது, மனைவி வந்தாள். பதில் மட்டும் வரவில்லை. பூசாத குழம்பு வாளியிலேயே பிணைந்துகொண்டிருந்தது. மெல்லிசாகப் பரப்பியிருந்தால் அந்தச் சூடு காற்றோடு போயிருக்கும். குவிந்து கிடந்ததில் போக வழியில்லை. புகை கிளம்பியது. வாளியின் விளிம்பு குழைந்து சாய்ந்தது.

“யோவ், வாளி!” மேலாளர் இரண்டடி பின்னால் குதித்தார்.

“சேர்ந்தா சூடு வரும் சார்!” பிசின் ஆனந்தமாகக் கத்தினார். “உடைக்கத்தான் சூடு செலவு! இதோ பாருங்க, கண்ணெதிர்லேயே சேருது!”

“பதில் ரொம்பச் சரி,” என்றார் மேலாளர் மூக்கைப் பொத்தியபடி. “நாளையிலேர்ந்து தேய்ப்பு அறை.”

விஷயம் தெரியாதிருந்த காலமெல்லாம் பிசின் ஒரு வாளியைக்கூடப் பாழாக்கியதில்லை.

ஒரு வாரம் கழித்து, முகமூடித் தடம் பதிந்த முகத்தோடு மறுபடி மச்சினி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“தேய்க்கிறதுன்னா உடைக்கிறதுதானே? உடைச்சா சூடு செலவாகணும். தேய்க்கிற தகடு கையைப் பொசுக்குதே, ஏன்?”

“அது மோட்டார் குடுக்கிற சக்தி அத்தான். உடைக்கிறதுக்குத் துளிதான் போகுது, மிச்சமெல்லாம் உராய்வுல சூடாயிடுது.”

பிசின் நெடுநேரம் இருமினார்.

“அப்ப சேர்த்தாலும் சுடுது, உடைச்சாலும் சுடுது. பின்னே எதுக்குடி என்னை அறை மாத்தினாங்க?”

மச்சினி அக்காவைப் பார்த்தாள்.

“பேசாம வெந்நீரைக் குடிங்க,” என்றாள் அக்கா.