பெட்டிக்கடையில் தங்கிப்போன புதுக்காசுகள்

பெட்டிக்கடைத் தொழிலில் வெற்றிலை வாடும், வாழைப்பழம் கறுக்கும், சோடாவில் காஸ் போகும். என் கடையில் மட்டும் காணாமல் போனது சில்லறை. பளபளவென்று ஒரு புதுக்காசு கைக்கு வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் அரிசிப் பானைக்குள் ஒளிக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் வாங்க, நாம் ஒரே ஜாதி. மற்றவர்களுக்கு நான் பைத்தியமாகத் தெரிவேன். என் வீட்டுக்காரருக்கே அப்படித்தான் தெரிந்தேன்.

முகம் தெரியாது, காசு தெரியும்

பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. வீட்டுக்காரர் விடிந்ததும் திருவெறும்பூர் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிவிடுவார். மகளை மடியில் போட்டுக்கொண்டு நான் வியாபாரம் பார்ப்பேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனவள், போதாததற்குக் கூச்சம். வருகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். நீட்டின கையைப் பார்ப்பேன், கையிலிருக்கும் காசைப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து அதில் ருசி தட்டிவிட்டது. சில காசில் வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருக்கும், சிலதில் இருக்காது. எனக்கு இரண்டு ஜாதியிலும் தேயாததாக ஒவ்வொன்று வேண்டும்.

ஒருநாள் பக்கத்துக்கடை டெய்லர் வந்து, துணி கொடுத்த ஆள் ஒருவர் தன்னைத் தேடி இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டார். நல்ல உயரம், மீசை வைத்திருப்பார் என்றார். எனக்கு உயரமும் தெரியாது, மீசையும் தெரியாது. "புள்ளி வெச்ச அஞ்சு பைசா கொடுத்தாரே, ஓரங்கூடத் தேயலை, அவரா?" என்றேன். டெய்லர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, நாளைக்கு உன் கடையில திருடன் புகுந்தா போலீசுக்கும் இப்படித்தான் அடையாளம் சொல்லுவியா?"

பெப்பர்மின்ட்

நல்ல காசெல்லாம் அரிசிப் பானைக்குள் ஒளித்த பவுடர் டப்பாவுக்குப் போய்விட்டால் கல்லாவில் என்ன இருக்கும்? பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக பெப்பர்மின்ட் கொடுத்துவந்தேன். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். ஜட்கா வண்டி ஓட்டுகிற பாய் மட்டும் முணுமுணுக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கடையில் இருக்கும்போது பாய் வந்து சோடா குடித்தார். குடித்துவிட்டு ஒரு பொட்டலத்தை அவிழ்த்துப் பலகைமேல் கொட்டினார். அத்தனையும் பெப்பர்மின்ட். வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகளுக்கு மூக்குத் துடைத்தேன். பாய் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தங்கச்சி கொடுத்த சில்லறைதாங்க. வெளியில எங்கயும் வாங்க மாட்டேங்கறாங்க. இங்கயாவது செல்லும்ல?"

புளி போட்டது

அன்று ராத்திரி சோறு தின்னும்போது என் வீட்டுக்காரர் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்: இனிமேல் சில்லறை இல்லை என்று ஒரு ஆள் திரும்பிப் போனால் கடையைச் சாத்திவிடுவது. அந்தக் கடை இல்லாவிட்டால் நான் அடுப்படியைத் தாண்டி நாலு மனுஷர் குரலைக் கேட்பது ஏது? டப்பாவை விடவும் மனசில்லை.

இந்தச் சமயம் பார்த்து, டெய்லர் சொல்லித் தெரிந்துகொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ரயில்வே குமாஸ்தா என் டப்பாவைப் பார்க்க வந்தார். அவருக்கும் இதே வியாதி. புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொன்னார். எல்லாக் காசும் புழங்குவதற்கு அடிப்பதில்லையாம். பம்பாய்க்குப் பணம் அனுப்பினால் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய காசைப் பெட்டியில் வைத்து அனுப்புவார்களாம். கை படாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். காசை அடித்து, கடைக்கே அனுப்பாமல், பெட்டியில் படுக்கவைப்பதா! எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு பெருமையாக என் டப்பாவைத் திறந்து காட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்த காசுகள். ஒவ்வொன்றும் தகதகவென்று இருந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒன்றிரண்டைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, புழங்கியிருந்தாக்கூட இவ்வளவு தேஞ்சிருக்காதே."

செல்லாத ரூபாய்

பிரதமர் காலமாகி அவர் முகம் போட்ட ரூபாய் வந்த காலம் அது. அடுத்த ஞாயிறு, என் வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தார். ஒரு மடிசார் மாமி வந்து கொஞ்சம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு ரூபாயை நீட்டினார். பார்த்தேன், அந்தப் பிரதமர் ரூபாய்தான். ஆனால் அதில் என் மூக்குத்தி தெரிந்தது.

கல்லாவில் பாக்கி கொடுக்கச் சில்லறை இல்லை. இல்லை என்றால் கடை போச்சு. அந்த ரூபாயை விடவும் மனசு வரவில்லை. எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்து வந்து, தேய்த்து வைத்த காசை எண்ணி எண்ணிக் கொடுத்தேன். மாமி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். என் வீட்டுக்காரர் வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தார். கடையும் தப்பியது, கண்ணாடி ரூபாயும் கிடைத்தது என்று நான் சொர்க்கத்தில் இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் குமாஸ்தா மூச்சுவாங்க வந்தார். கையில் ஒரு கைக்குட்டை மூட்டை. அவிழ்த்தால் என் காசுகள். நேற்று வந்த மாமி அவருடைய மனைவியாம். "எப்பப் பார்த்தாலும் பாலக்கரைக் கடைன்னு சொல்றேளே, அங்கேயே கொடுத்துட்டு வந்தேன்" என்றாளாம். பம்பாயிலிருந்து வரவழைத்து அவர் பெட்டியில் வைத்திருந்த ஒன்றே ஒன்று அதுதானாம். மனுஷர் கண் கலங்கி நின்றார். நானும் அதே வியாதிக்காரிதானே. அவர் முகத்தை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். ரூபாயைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "ஏன் இப்படிப் பண்ணினாங்களாம்?" என்று மெதுவாகக் கேட்டேன். மனைவி சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: "ரூபாய்னா கடையிலே செல்லணும். இது செல்றதான்னு பார்த்தேன். செல்லித்து."

கல்லா

திரும்பி வந்த காசுகளை டப்பாவில் போடவில்லை. பானையில் மிச்சமிருந்ததையும் சேர்த்துக் கல்லாவில் கொட்டினேன். புழங்க அடித்த காசு, புழங்கட்டும். எனக்குக் கடை போதும். அந்த வாரம் யாரும் திரும்பிப் போகவில்லை. பாய்க்கு நிஜச் சில்லறை கொடுத்தேன். சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் கல்லாவைக் கிளறிக்கொண்டிருந்தார். கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு காசை மட்டும் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். சட்டைப்பையில் போட்டார். நான் பார்த்துவிட்டது தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இல்ல, இதுல புள்ளிக்குப் பதிலா நட்சத்திரம் மாதிரி ஒண்ணு இருக்கு. இத ஏன் நீ எங்கிட்ட காட்டவே இல்ல?"

கடையை இன்னும் சாத்தவில்லை, பெப்பர்மின்ட் மட்டும் இப்போது மொத்தமாக வாங்குகிறோம்.