முதல் பதில் அனுப்பியவர்

விசாலம் மேடம் மறைந்த செய்தி, என் ரயில் காட்கோபரில் நின்றிருந்தபோது கைபேசியில் வந்தது. நெருளில் மகள் வீட்டில் காலைக் காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றும் சொல்லிவிட்டுக் கண்மூடினாராம். அவஸ்தைப்படவில்லை என்று அறிந்ததில் துக்கத்துக்கு நடுவே ஒரு நிம்மதி. ரயில் குர்லா சேர்வதற்குள் அலுவலகத்திலிருந்து இன்னொரு செய்தி: இரங்கல் தெரிவிக்க இந்த இணைப்பைத் தொடவும், பணியாளர் எண் கட்டாயம்.

செம்பூரில் நம் மருந்து விநியோக அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் அவர் இருந்தார். ஆண்டுதோறும் பெயர் போடாமல் நாம் நிரப்பும் கருத்துப் படிவம் அவர் பொறுப்பு. பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், எல்லாக் கருத்துகளையும் தாமே தட்டச்சு செய்து, மூலத்தைக் கிழித்துப் போட்ட பிறகே மேலே அனுப்புவார். போகிற போக்கில் மொழியையும் திருத்துவார். ‘எங்கள் மேலாளர் ஒரு கழுதை’ என்று ஒருவர் எழுதியது, ‘மேலாளர் அளவுக்கு மீறிச் சுமக்கிறார்’ என்று போயிற்று. மேலாளருக்கு உதவியாளர் ஒருவரைக் கொடுத்தார்கள்.

பிறகு படிவம் இணையத்துக்கு மாறியது. உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்று முதல் பக்கம் உறுதி சொன்னது. பணியாளர் எண்ணையும் கைபேசி எண்ணையும் இரண்டாம் பக்கம் கேட்டது. நம்மில் படித்தவர்கள் யாருக்கும் இதில் முரண் தெரியவில்லை.

கோடவுனில், அதாவது மருந்துக் கிடங்கில், ஒப்பந்த வேலை பார்க்கும் இசக்கிமுத்து தாராவியிலிருந்து வருபவர். சரக்கு லிஃப்டின் கதவு மூடாமலே லிஃப்ட் கிளம்பிவிடுகிறது என்று அவர் காண்ட்ராக்டரிடம் சொன்னதற்கு, வேறு வேலை பார்த்துக்கொள் என்று பதில் கிடைத்திருந்தது. அதைப் படிவத்தில் எழுதி, கைபேசியோடு விசாலம் மேடத்திடம் வந்து நின்றார்.

“பேரு தெரியாதுன்னுதாம் போட்டிருக்கு மேடம். அமுக்கட்டா? தூக்கிட்டாம்னா ஊட்டுல அடுப்பு எரியாது, பாத்துக்கிடுங்க.”

“செத்த இருங்கோ இசக்கி. மொதல்ல நான் அமுக்கறேன். ரிட்டயர் ஆக நாலு மாசம்தான் இருக்கு. என்னைத் தூக்கினா ஃபேர்வெல் செலவு மிச்சம்னு சந்தோஷப்படுவா.”

கோடவுனுக்குப் போய் லிஃப்டைத் தம் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தம் படிவத்தில், பொது மேலாளர் அறையிலுள்ள சோஃபாவைச் சாப்பாட்டு அறைக்குத் தரலாம் என்று எழுதி அனுப்பினார். டீ ஆறுவதற்குள் அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. பொது மேலாளர் மாதுங்காத் தமிழர். ஆங்கிலத்தில் பாராட்டுவார், தமிழில் கோபிப்பார். விசாலம் மேடம் ஸ்பீக்கரைப் போட்டார்.

“என்ன விசாலம், என் சோஃபா மேல உமக்கு என்ன கோபம்?”

“சோஃபா நன்னாத்தான் இருக்கு சார். ரகசியம்தான் ஒழுகறது.”

இசக்கிமுத்து கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“லைன்ல இருக்கறப்பவே இன்னொண்ணு சார். கோடவுன் லிஃப்ட் கதவைத் திறந்துண்டே மேல போறது. யாராவது விழறதுக்குள்ள சரி பண்ணிடுங்கோ.”

“யார் சொன்னது?”

“நான்தான். போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்றேன்.”

மறுநாள் மெக்கானிக் வந்தார். படிவத்தில் எண் கேட்பதை நிறுத்தினார்கள். அதை மேம்படுத்தப்பட்ட பதிப்பு என்று அறிவித்தார்கள். ஃபேர்வெலும் உரிய செலவில் நடந்தது. விசாலம் மேடத்தின் வெளிப்படைத்தன்மையைப் பொது மேலாளர் ஆங்கிலத்தில் புகழ்ந்தார்.

நெருளில் இறுதிச் சடங்கன்று, வாசலில் என்னோடு நின்ற இசக்கிமுத்துவிடம் மேடத்தின் மருமகன், “நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“இன்னும் அதே கோடவுன்லதாம் வேல பாக்கேன் சார்” என்றார் இசக்கிமுத்து.

மருமகன் விழித்தார். விசாலம் மேடத்தின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான்.