சங்குச்சக்கரத்தின் பெயரில் பேசியது யார்?

இதை எழுத உட்கார்ந்து, இரண்டு வரி எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்து எழுந்து போனது எத்தனையோ தடவை. வருஷங்கள் இப்படியே ஓடிவிட்டன. எழுதினால் சிரிப்பார்களே என்று ஒரு பக்கம், எழுதப் போய் அது மறுபடி வந்துவிடுமோ என்று ஒரு பக்கம். இப்போது சிரித்தால் சிரிக்கட்டும் என்ற அளவுக்கு அலுத்துவிட்டது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. செவ்வாய் வெள்ளி விளக்கேற்றுவேன், பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பேன், அவ்வளவுதான். சாமி இருக்கிற வீட்டில் வேறு எதற்கு இடம் என்று கேட்கிற ஆள் நான். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. வெடி வேலை பார்க்கிறவர்களுக்கு உரசலுக்கும் சூட்டுக்கும் பயப்படவே நேரம் சரியாக இருக்கும், பேய்க்குப் பயப்பட எங்கே நேரம்?

என் தங்கச்சி எங்களோடுதான் இருக்கிறாள். அவளை வடக்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் குடித்தால் ஒரு மாதிரி, குடிக்காவிட்டால் அதைவிட மோசம். இஸ்திரிப் பெட்டியால் வைத்த தழும்பு அவள் முழங்கையில் இன்றும் இருக்கிறது. ஒரு நாள் கட்டிய சேலையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு எங்கள் அம்மா வீடு வரைக்கும் தேடிப் போயிருக்கிறான். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம். என் வீடு இருக்கும் ஊர் அவனுக்குத் தெரியாது, அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் நாங்கள் இங்கே குடிவந்தோம். நான் வேலை பார்க்கும் ஆலையிலேயே அவளையும் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். காலையில் அவர் வேனிலேயே போய், சாயங்காலம் அதிலேயே திரும்பி வருவோம். அவள் கடைக்குப் போவதில்லை, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை, போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் போனில் தாயம் ஆடுவது. நாலு பேர் ஒரு அறை மாதிரி சேர்ந்துகொண்டு, காய் நகர்த்திக்கொண்டே பேசிக்கொள்ளலாம். யாரும் சொந்தப் பெயரில் இருக்கமாட்டார்கள். இவள் அதில் சங்குச்சக்கரம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் ஒருவர், காலண்டர் மச்சான் என்று பெயர் வைத்திருந்தார். மல்லாங்கிணற்றில் இருந்து ஒரு டீச்சரம்மா, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரங்க, அவர்களும் உண்டு. சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டு ஆடுவார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன்.

"ஏத்தா சங்குச்சக்கரம், என் காயை வெட்டாத தாயி, வீட்டுலயும் வெட்டு, இங்கனயும் வெட்டா?" என்பார் மச்சான்.

"வீட்டுல மைனி வெட்டுறது பத்தாதுன்னுதான்ணே நான் வெட்டுதேன்" என்பாள் இவள்.

இவள் சிரிப்பதை அந்த நேரத்தில்தான் நான் கேட்டேன். அதற்காகவே அந்த விளையாட்டை நான் ஒன்றும் சொன்னதில்லை.

அப்புறம் அந்த விளையாட்டுக்காரர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இனிமேல் ஆதாரில் இருக்கும் பெயர்தான் எல்லாருக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆட முடியாது. பொய்ப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு சில பேர் பொம்பளைகளிடம் அசிங்கமாகப் பேசினார்களாம், அதைத் தடுக்கவாம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் என் தங்கச்சிக்கு அந்தப் பொய்ப் பெயர் கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. அதை எந்தச் சட்டத்துக்குத் தெரியும்?

கெடு முடிய இருந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவள் போடவில்லை. மச்சான் விடவில்லை. "நாங்க எல்லாம் போட்டுட்டோம் தாயி. நீ இல்லாம ஆட்டம் எங்கன ஓடும்?" என்று கேட்டார். டீச்சரம்மா மட்டும், "அவளுக்கு என்ன கஷ்டமோ, வற்புறுத்தாதீக" என்றார்.

அவள் போனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "எம்புட்டு நாளைக்குத்தான்க்கா ஒளியிறது? எனக்கு அலுத்துப்போச்சு. லோகத்துல இதே பேருல எத்தனையோ பேரு இருப்பாளுக" என்று சொல்லிக்கொண்டே தன் பெயரைப் போட்டாள். எனக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு டிக் வந்தது.

சில நாள் ஒன்றும் இல்லை. ஒரு சாயங்காலம் ஆடிக்கொண்டிருக்கும்போது மச்சான் சாதாரணமாகச் சொன்னார், "உன் மாமா பையன் ஒருத்தர் வந்து பேசினாரு தாயி, ரொம்ப மரியாதையான ஆளு. நீ எங்கன வேலை பாக்குறன்னு கேட்டாரு. சாத்தூர்ப் பக்கம் வெடி ஆபீசுன்னு சொன்னேன். நம்ம அறையிலயும் சேர்த்துட்டேன்."

"யாருண்ணே? பேரு என்ன போட்டிருக்கு?"

மச்சான் பெயரைச் சொன்னார். அவள் புருஷன் பெயர்.

அவள் கையில் இருந்த போன் கீரைத் தட்டில் விழுந்தது. நான் எடுத்து, "ஏண்ணே, தெரியாத ஆளை ஏன் சேத்தீக?" என்று கத்திவிட்டேன். அவர் பாவம், "பேரு, டிக்கு எல்லாம் சரியா இருந்துச்சேம்மா. பொய்ப் பேருல வந்தா நான் சேர்ப்பேனா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சொந்தப் பெயரில் வருகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நம்பிவிட்டார்.

பெயரை மாற்றலாம் என்று பார்த்தால், உறுதி செய்த பெயரை உடனே மாற்ற முடியாதாம். அதற்குள் அவனிடம் இருந்து ஒரு வரி வந்து விழுந்தது. "நாளைக்கு வாரேன்." அவ்வளவுதான்.

வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தோம். வீட்டில் தனியாக இருப்பதைவிட ஆலைக்குள் இருப்பதே மேல், கேட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தீபாவளி சீசன் வேறு, ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. காலையில் அம்மன் படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தித் திருநீறு பூசினேன். "தாயே, இவ பேரை வெளிய விட்டுட்டோம், இனிமே நீதான் பாத்துக்கிடணும்" என்றுதான் வேண்டினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். வாட்ச்மேன் தாத்தா அதைத் துணிப்பையில் போட்டு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அன்றைக்கும் அவள் போனை அணைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பூட்டியதையும் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அன்றைக்குப் பூராவும் திரி சொருகும் வேலை. அவள் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தாள். வெளியே ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் கையை நிறுத்திக்கொள்வோம். யாரும் வரவில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வந்தோம். வாட்ச்மேன் பெட்டியைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தார். அவள் போனை வாங்கியதும் கையை உதறினாள். "அக்கா, இதைத் தொட்டுப் பாரு" என்றாள். நான் தொட்டேன். நம்பினால் நம்புங்கள், வெகு நேரம் காதில் வைத்துப் பேசிய போன் எப்படிச் சுடுமோ அப்படிச் சுட்டது. மற்றவர்கள் போனெல்லாம் இரும்பு மாதிரிக் குளிர்ந்து கிடந்தன. இவள் போன் அணைந்துதான் இருந்தது. "தாத்தா, பெட்டியைத் தொறந்தீகளா?" என்று கேட்டேன். "சாவி என் அரைஞாணுல கெடக்கு ஆத்தா, நானாவது தொறக்கவாவது" என்றார்.

வேனில் ஏறினோம். மற்றவர்கள் எல்லாரும் இறங்கின பிறகு என் வீட்டுக்காரர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்.

மத்தியானம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போயிருக்கிறார். அங்கே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு பை. அவன் எந்திரித்தால் பின்னாலேயே போக வேண்டும் என்று இவர் நின்றிருக்கிறார். அவன் காதில் போனை வைத்துக்கொண்டு, "எங்கனடி இருக்க? சொல்லுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசியிருக்கிறான். பிறகு திடீரென்று பேச்சு நின்றுவிட்டதாம். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டதாம்.

"அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? 'இன்னும் சாப்டலைம்மா'ன்னான். அப்படியே அழுதான். பெறகு மெதுவாத் திரும்பிப் பின்னால பாத்தான். அங்கன வெறுஞ்சுவரு. பையைக் கூட எடுக்காம, வந்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பையில் அரிவாள் இருந்தது. அதைப் பிறகு போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

தங்கச்சி ஒன்றும் புரியாமல் போனைப் போட்டாள். போட்ட உடனே மச்சான் கூப்பிட்டார்.

"தாயி, மத்தியானம் யாரு உன் போனுல பேசினது?"

"யாரும் பேசலையேண்ணே. போன் கேட்டுல இருந்துச்சு."

"சும்மா சொல்லாத. நானும் டீச்சரம்மாவும் அறையிலதான் இருந்தோம். அவன் வந்து உன்னைக் கண்டபடி ஏசினான். வெளிய தள்ளிவிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள, பேசுறவுக பேரு பச்சையா எரியும்ல, அப்படி உன் பேரு எரிஞ்சிச்சு. வயசான பொம்பளை ஒருத்தவுக பேசினாக."

"என்ன பேசினாக?"

"'ஏலே உருண்டை, சாப்ட்டியாலே?'ன்னு கேட்டாக. 'அவளைத் தேடாதலே, நான் வந்துட்டேன். உன் பின்னாடிதான் நிக்கேன்'னாக. அம்புட்டுத்தான் தாயி. டீச்சரம்மா ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாக."

தங்கச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உருண்டை என்பது அவன் குழந்தையில் குண்டாக இருந்தபோது அவன் அம்மா வைத்துக் கூப்பிட்ட பெயராம். அதை அவள் அந்த ஊரில் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தப் பெயரைக் கூப்பிட ஊரில் வேறு யாருக்கும் தைரியம் கிடையாதாம். அது எந்த ஆதாரிலும் இல்லை. அவன் அம்மா இவளுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே செத்துப்போனவர். இவள் தன் மாமியார் முகத்தைச் சுவரில் மாட்டின படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அடி வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாளில் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. தேடவும் இல்லை. அந்த ஊரில் இருந்து வந்த ஒருவர் சொன்னார், அவன் இப்போதெல்லாம் முதுகைச் சுவரில் இருந்து எடுப்பதில்லையாம். சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் சுவரில் சாய்ந்துதானாம். நடுத்தெருவில் நடக்க மாட்டேன் என்கிறானாம்.

நான் அம்மனிடம் வேண்டினேன், வந்தது அவன் அம்மா. அம்மன்தான் அனுப்பினாளா, இவள் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அழுததற்கு அந்த அம்மாவே வந்தாரா, எனக்குத் தெரியாது. பூசாரியிடம் கேட்டேன், "நல்லதுதானே நடந்திருக்கு, கிண்டாத" என்றார். போன் சரிபார்க்கிற கடையில் கேட்டேன், "பேட்டரி பழசுக்கா" என்றான். இரண்டையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் வாதாடத் தெம்பில்லை.

தங்கச்சி அந்த விளையாட்டை எடுத்துவிட்டாள். போனையும் மாற்றிவிட்டோம். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தைப் பொங்கலுக்கு முந்தின வாரம், காலை வெயிலில் முற்றத்தில் பானை விளக்கிக்கொண்டிருந்தேன். சாம்பல் எடுத்து வரச் சொல்ல, தங்கச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வீட்டுக்குள் இருந்து, "என்ன தாயி?" என்று பதில் வந்தது. வயசான குரல். நிதானமான குரல். கோபமே இல்லை. அப்போது தெருவில் இருந்து தங்கச்சி பால் செம்போடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

அன்றையில் இருந்து நாங்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் வீட்டுக்காரர் "ஏத்தா" என்பார், நான் "இங்கன வாடி" என்பேன். அவளும் பழகிவிட்டாள். ஆனால் ஆலையில் புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் ஆள் கூப்பிடும்போது அவள் பெயரையும் வாசிப்பார். அவள் பதில் சொல்லுவதற்கு ஒரு நொடி முன்னால் என் பிடரியில் மூச்சுக் காற்று படும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பெயரைக் காட்டினால்தான் யோக்கியம் என்று சொல்லுகிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், நான் எழுதினபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டால், நீங்களாக ஒரு பெயரை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். தற்செயலாக அது அவள் பெயராக இருந்துவிட்டால், யார் பதில் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது.