ரங்கநாதன் தெருவில் உயர்ந்த கை

எங்கள் ஒரகடம் கம்பெனியில், மெஷின்கள் ஓடும் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எஸ்தர் அக்கா போய்விட்ட செய்தி, காலை ஷிஃப்ட் முடியும்வரை என் லாக்கருக்குள்ளேயே கிடந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தால் வரிசையாக மிஸ்டு கால். எல்லாம் அக்காவின் ஊரான சேரப்பணஞ்சேரியிலிருந்து, அவர் தங்கை கூப்பிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா போயிட்டாக்கா, ஆஸ்பத்திரிலயே..." என்றாள். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரியும். ஆனால் கடைசியாகப் பார்க்கப் போனபோதுகூட, "கிறிஸ்மஸுக்கு முன்னாடி டி.நகர் போவணும், இன்னா சொல்ற?" என்று கேட்டவர் அவர். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர், "பாவம், கம்பெனி கம்பெனின்னே காலத்த ஓட்டிட்டா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். எஸ்தர் அக்காவைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல ஒரகடத்தில் ஒருவருக்கும் தகுதி கிடையாது. அவரோடு லைனில் நின்ற உங்களுக்கெல்லாம் அது தெரியும். அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கார் விளக்கு செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து, இங்கே ஹாஸ்டலில் வந்து விழுந்தேன். எஸ்தர் அக்கா என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். உள்ளூர்க்காரர், எங்கள் லைன் லீடர். என் பெயர் இசக்கியம்மாள். கடைசிவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இன்னா தென்காசி" என்றுதான் கூப்பிடுவார். லைனில் எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே முகமூடி. கண் மட்டும்தான் தெரியும். பக்கத்து மெஷின்காரியைக் கேன்டீனில் பார்த்தால் யாரோ என்று தாண்டிப் போயிருக்கிறேன். அக்காவுக்கு இது ஆகவே ஆகாது. "ஆறு நாளும் மூஞ்சிய மூடிகினு ஒரே மாதிரி கீறோம். ஏழாவது நாளாவது யாரு யாருன்னு தெரிய வேணாவா?" என்பார்.

ஆனால் ஏழாவது நாளும் எங்களுக்கு வெளியே போக அனுமதி இல்லை. சொந்தக்காரர் வந்து கூட்டிப்போனால்தான் ஹாஸ்டல் கேட் திறக்கும். தென்காசியிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வருவார்? அக்கா நேராக வார்டனிடம் போனார். "நான் டி.நகர் கூட்டினு போறேன் மேடம்."

"யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பொறுப்பு. ஒரு பொண்ணு கொறஞ்சாலும் என்ன வேலைய வுட்டுத் தூக்கிடுங்க."

வார்டன் யோசித்துவிட்டு, "ஏழு மணிக்கு எல்லாரும் கேட்டுக்குள்ள இருக்கணும். ஒருத்தி லேட்டா வந்தாலும் சரி, இனிமே யாருக்கும் அவுட்டிங் கிடையாது" என்றார். தன் வேலையையும் எங்கள் எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பணயம் வைத்துத்தான் அக்கா எங்களை வெளியே கொண்டுவந்தார்.

தாம்பரம்வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் மாம்பலம். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு. அம்மாடி! எங்கள் ஊர்த் தேரோட்டத்தில்கூட அப்படி ஒரு நெரிசலை நான் பார்த்ததில்லை. தலைக்கு மேலே சுடிதாரும் குர்தியும் தொங்குகின்றன, காலுக்குக் கீழே வளையல் கடை, காதுக்குள் "வாங்கம்மா வாங்க". அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. "மொத நடை கண்ணுக்கு, ரெண்டாவது நடைதான் பைக்கு." ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒன்றும் வாங்காமல் பார்த்துக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும்போதுதான் பர்ஸைத் திறக்கலாம்.

தெரு முடிந்து உஸ்மான் ரோடு வந்ததும் அக்கா நின்றார். எங்கள் கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வரும் பாதையைத் தாண்டுமுன் இரண்டு பக்கமும் கை நீட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அக்கா உஸ்மான் ரோட்டிலும் கையை நீட்டினார். "ரைட் ஓகே. லெஃப்ட் ஓகே." பழக்கதோஷத்தில் நாங்கள் பதினொரு பேரும் கை நீட்டிக் கத்தினோம். ஆட்டோக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிரிக்கட்டும், வண்டி நின்னுச்சா இல்லியா?" என்றார் அக்கா.

திரும்பும் நடையில்தான் நான் தொலைந்தேன். ஒரு கடை வாசலில் பொம்மைக்குப் போட்டிருந்த கத்தரிப்பூ நிற அனார்கலி சுடிதார். கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தபோது எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோம். அப்போது என்னிடம் போன் கிடையாது. ஹாஸ்டல் கேட்டும் வார்டன் முகமும் அக்காவின் வேலையும் ஒன்றாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. எந்தப் பக்கம் ஓடுவது? அப்போதுதான் என் மெஷினுக்கு மேலே தொங்கும் பலகை ஞாபகம் வந்தது. நிறுத்து, கூப்பிடு, காத்திரு. லைனில் ஏதாவது கோளாறு என்றால் வேலையை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். லீடர் வரும்வரை நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது.

தூக்கினேன்.

"இன்னாம்மா, யாருக்குக் கை காட்ற?" என்று கேட்டார் பக்கத்தில் பூ விற்ற அம்மாள்.

"எங்க லைன் லீடருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கை கடுத்தது. கண்ணீர் முட்டியது. அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தனை தலைக்கும் மேலே, ஸ்டேஷன் பக்கமிருந்து இன்னொரு கை கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு வந்தது. லைனில் நாம் கை தூக்கினால் லீடரும் கை தூக்கித்தான் வருவார், ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்தக் கைதான். வேர்த்து விறுவிறுத்து, மற்றவர்களையும் பின்னால் கூட்டிக்கொண்டு வந்து நின்றவர் என்னைத் திட்டவில்லை. பொம்மையை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குத்தான் நின்னியா? பரவால்ல, நல்லாதான் கீது. எல்லாரும் உள்ள வாங்க."

உள்ளே சேல்ஸ்மேன், "எந்தக் காலேஜ்மா?" என்றான். அக்கா கடை முழுக்கக் கேட்கும்படி, "காலேஜ் இல்லப்பா, ஒரகடம் கம்பெனி. ரோட்ல போற கார்ல எத்தினி லைட்டு எங்க கையால வந்துது தெரியுமா?" என்றார். எனக்கு அன்றைக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த அனார்கலியை வாங்கிக்கொண்டு, ஏழு அடிக்குமுன் கேட்டுக்குள் இருந்தோம். அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதாயிற்று.

அவரைத் தெய்வமாக்க வரவில்லை. விளக்குக் கண்ணாடியில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுகிறவர், பாண்டி பஜார் நடைபாதையில் செருப்பு வாங்கி வந்து ஹாஸ்டலில் பிரித்துப் பார்த்தால் இரண்டும் இடது கால். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "போங்கடி, அங்க நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கா போனேன்?" என்று அவரும் சிரித்தார். பேரம் பேசவும் வராது. கடைக்காரர் முகம் வாடினால் சொன்ன விலையைக் கொடுத்துவிடுவார்.

அடக்கத்துக்கு ஷிஃப்ட் முடிந்து நீலக் கோட்டோடு வந்தவர்கள் உண்டு. கல்யாணமாகிப் போன ஊர்களிலிருந்து கலர் கலராக உடுத்தி வந்தவர்களும் உண்டு. கல்லறைத் தோட்டம் சாலைக்கு அந்தப் பக்கம். பெட்டியைத் தூக்கியவர்கள் ஓரத்தில் தயங்கி நின்றார்கள். கன்டெய்னர் லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. யாரும் சொல்லவில்லை, நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன். "ரைட் ஓகே." குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பின்னாலிருந்து அத்தனை பெண்களும் கை நீட்டி, "லெஃப்ட் ஓகே" என்றார்கள். லாரிகள் நின்றன. எஸ்தர் அக்கா சாலையைத் தாண்டினார்.

அந்த அனார்கலி சாயம் போய், கிழிந்து, தலையணை உறையாகி, அதுவும் போய்விட்டது. அன்று அவர் தூக்கி வந்த கையை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்த லைனுக்கு நான்தான் லீடர். அடக்கத்துக்கு மறுநாள், கடைசி மெஷினில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கை தூக்கினாள். நானும் கையைத் தூக்கிக்கொண்டு போனேன்.